வேலு சொன்ன சொல்

தம்பி வேலுவின் கடைசி நேரத்தைப் பற்றிச் சடையப்பன் சொன்னதை நல்லசிவம் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை, மனைவி சரசுவிடம்கூட. வருஷக்கணக்காக அது சட்டைக்குள் விழுந்த உமி மாதிரி இருந்தது. உதறினால் போய்விட்டதாகத் தோன்றும், கொஞ்ச நேரம் கழித்து வேறோர் இடத்தில் குத்தும். இப்போது கோயமுத்தூரில் இந்தக் கண்ணாஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்த மாத்திரத்தில், மூடிய இமைக்குள் முதலில் வந்து நின்றதும் அதுதான். "தொறக்கக் கூடாதுங்க ஐயா. கண்ணுப் பாப்பா நல்லா விரியணும், அப்பத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும். நானே வந்து கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தத்தின் பின்னாலேயே காது கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. வலப்பக்கத்து நாற்காலியில் சடையப்பன் இருந்தான். அவனுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை. மருந்து விட்டால் சாயங்காலம் வரைக்கும் வண்டி ஓட்ட முடியாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சரசு பிடிவாதம் பிடித்தாள். மகன் பெங்களூரில். "நான் வர்றனுங்ணா, பெயிண்டுக் கடைய ஊட்டுக்காரி பாத்துக்குவா," என்று சடையப்பன் தானாக வந்து நின்றான். தூரத்துப் பங்காளி. நல்லசிவத்தின் பணத்தில் வேலு தான்சானியாவில் வீடுகள் கட்டிய காலத்தில் அங்கே மேஸ்திரிக்கு மேஸ்திரியாக, வேலுவுக்கு நிழலாக இருந்தவன். வேலு சாகும்போது பக்கத்தில் இருந்த ஒரே தமிழன். அதனால் அவன் சொன்னதைத்தான் கேட்டாக வேண்டும், வேறு சாட்சி இல்லை.

மருந்து எரிந்தது. எரிச்சல் மூக்கின் உள்ளே இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்கு எப்படி வருகிறது, எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு வழி இருக்கும்போலிருக்கிறது, மண்ணுக்குள் தண்ணீருக்கு இருப்பதைப்போல, இது வேலு சொல்லக்கூடியது, இல்லை, வேலு இவ்வளவு நீளமாகச் சொல்லமாட்டான், வேலு எதையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான், அதுதானே, அதுதானே உதைக்கிறது. உடம்பு பெட்டியில் வந்து இறங்கிய அன்று சடையப்பன் வீட்டு முன்னறையில் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான். காய்ச்சல் வந்து ரெண்டு மூணு நாளாக மாத்திரையிலேயே ஓட்டினார். அப்புறம் உதறல் எடுத்தது. மழைக்காலம், ரோடெல்லாம் சேறு. பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தையைப் போட்டு, தார்ப்பாயை மேலே கட்டி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். "பள்ளத்துல பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுதுங்ணா. அப்பத்தான் சொன்னாரு. போலேன்னாருங்ணா... போலேன்னாரு... அந்தூர்ல மெதுவாங்கறதுக்கு அப்பிடித்தானுங் சொல்றது. டிரைவரை மெதுவாப் போகச் சொல்றாருன்னு நான் கூரையைத் தட்டுனேன். அப்பறம் பேசலீங்." முன்னறையில் இருந்த பெண்கள் அழுதார்கள். நல்லசிவமும் அழுதார். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மனசின் ஒரு மூலையில் ஒருவர் அழாமல் உட்கார்ந்து கேட்டார்: வேலுவா? மெதுவாவா?

எட்டாம் மாசத்தில் பிறந்தவன். அவசரம் வயிற்றிலேயே தொடங்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். சோற்றைச் சூட்டோடு விழுங்குவான், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அடுத்த கவளத்தை எடுப்பான். கல்யாணத்தில் மேளக்காரருக்குச் சைகை போகும் முன்னாலேயே முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். "மாப்ளே, பொண்ணு எங்கயும் ஓடிப் போயிராது," என்று மாமன்காரர் சொல்ல, மண்டபமே சிரித்தது. போர்வெல் வண்டியைத் தான்சானியாவுக்குக் கப்பலேற்றலாம் என்று அவன் சொன்ன அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தான். திருச்செங்கோட்டுக்காரன் துளை போடாத நாடு எது, அதில் ஒன்றும் அதிசயமில்லை. அங்கே சில வருஷம் ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அப்புறம் ஒருநாள் போனில், "அண்ணா, இங்க சனங்க ஒத்தை ரூம்ல வாடகைக்கு ஆறேழு பேரு கெடக்கறாங்க. வாத்தியாரு, நர்சு, மார்க்கெட்டுல மீன் விக்கறவங்க. சின்னதா, மலிவா வீடு கட்டி வித்தா அள்ளிக்கிட்டுப் போவாங்கண்ணா. நீ கெழக்குக் காட்டை வித்துட்டு வா. நான் எடம் பாத்துட்டேன்." எடம் பார்க்கப் போகிறேன் இல்லை, பார்த்துட்டேன். அதுதான் வேலு. அந்த வேலுவா வண்டியில் கிடந்துகொண்டு மெதுவா என்பான்? சாகக் கிடக்கிறவன் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போ என்றுதான் சொல்வான். சடையப்பன் வண்டியிலேயே இல்லையோ? வேலு அங்கே தான் தங்கியிருந்த தகரக் கூரை அறையில் தனியாகக் கிடந்து செத்து, பிறகு இவன் வந்து பார்த்து, ஊருக்குச் சொல்ல ஒரு மடியையும் ஒரு சொல்லையும் செய்துகொண்டு வந்தானோ? அப்படியென்றால் நல்ல மனசோடுதான் செய்திருப்பான். நல்ல மனசோடு சொன்ன பொய்யை என்ன செய்வது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

யாரோ ஒரு கிழவி இடப்பக்கத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "சக்கரை இருக்குதான்னு கேட்டான். இருக்குதுன்னேன். எவ்வளவுன்னான். அதை நீதானப்பா சொல்லோணும், நான் என்ன கடைக்காரியான்னேன்." யாரோ சிரித்தார்கள். சடையப்பனும் மெல்லச் சிரிப்பது தோளில் தெரிந்தது. நல்லசிவத்துக்கும் சர்க்கரைதான். கண்ணில் ஒரு மாசமாகப் புகைக்கரி அப்பியதுபோல ஒரு கறை. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் அது உட்கார்ந்துகொள்கிறது. முகங்களைப் பார்த்தால் மூக்கும் வாயும் இல்லாமல் ஓரத்தில் காதும் தலைமுடியும் மட்டும். டாக்டர் உள்ளே பார்த்து என்ன சொல்வார்? கண்ணாடியா, ஊசியா, அல்லது அந்த இன்னொன்றா. இன்னொன்றை நினைக்க வேண்டாம். வீடு. வீட்டை நினைக்கலாம். முதலில் கட்டிய வரிசை வீடுகள். ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கக்கூஸ். பிளான் திருச்செங்கோட்டு எஞ்சினியர் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் வடகிழக்கு மூலையில் சுவருக்குள் ஒரு சாமி மாடம். பிளானில் இருந்தது, கட்டிவிட்டார்கள். யாருக்கும் தோன்றவில்லை, நல்லசிவத்துக்கும் தோன்றவில்லை, யார் வாங்கப்போகிறார்கள், எந்தச் சாமியை அதில் வைப்பார்கள் என்று. முதல் நிலைவாசல் வைத்த அன்று மஞ்சளும் குங்குமமும் ஊரிலிருந்து போனது, சடையப்பன்தான் தேங்காய் உடைத்தான், அங்கத்துக் கொத்தனார்கள் கும்பலாக நின்று கைதட்டினார்களாம். ஜனங்கள் வந்து பார்த்தார்கள். சுவரைத் தடவினார்கள். மாடத்துக்குள் கையை விட்டு, இது ரேடியோ வைக்கவா என்று கேட்டார்கள். சமையலறையைப் பார்த்துப் புகை எங்கே போகும் என்றார்கள், அவர்கள் வாசலில் கரியடுப்பில்தான் சமைப்பார்கள். ரொம்ப நல்ல வீடு என்றார்கள். போய்விட்டார்கள். ஒருத்தர்கூட வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்று கண்டுபிடிக்க வேலுவுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. அங்கே முழு வீட்டை யாரும் வாங்குவதில்லை. கடன் வாங்கிச் சாவி வாங்குகிற பழக்கமே இல்லை. முதலில் துண்டு நிலம். அப்புறம் கையில் கொஞ்சம் சேர்ந்தால் அஸ்திவாரம். அது அப்படியே கிடக்கும், அதன்மேல் துணி காயப்போடுவார்கள். அடுத்த அறுவடைக்கோ, பிள்ளை வேலைக்குப் போனதற்கோ நாலு சுவர். பிறகொரு நாள் கூரை. அப்பன் அஸ்திவாரம் போட்டதற்கு மகன் ஓடு மாட்டுவான். ஒரு ராத்திரியில்லை, ஒரு ஆயுசு. "அண்ணா, நாம தப்புப் பண்ணிட்டோம். நாம முழுசா முடிச்சு வெச்சுட்டோம். முடிஞ்ச வீட்டுல அவங்களுக்கு வேலையே இல்லண்ணா. பாதி வீடு கட்டலாம். நல்ல அஸ்திவாரம், ஒரு ரூமு, ஒரு கக்கூசு, மேல கம்பியை நீட்டி விட்டுறலாம். மிச்சத்தை அவங்க கட்டிக்குவாங்க, அவங்க வேகத்துல." போனைக் காதில் வைத்துக்கொண்டு நல்லசிவம் தன் மஞ்சள் மண்டியில் நின்றிருந்தார். சுற்றிலும் மஞ்சள் தூசி. பாதி வீடு. அவன் சொன்னதும் அவருக்கு வந்தது சங்ககிரி ரோட்டில் பெரியப்பா வீடு. கூரை ஏறாமல் லிண்டல் மட்டத்தோடு நின்றது. பெரியப்பா போய், பெரியம்மா போய், மகள் வாழாமல் திரும்பி வந்து, அந்தக் கம்பிகள் துருப்பிடித்துச் சுவரில் சிவப்பாக ஒழுகிக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டிய வீடு. பாதியில் நின்ற வீடு என்றால் அந்தக் குடும்பம் நின்றுபோயிற்று என்று அர்த்தம். அதை ஒருத்தன் வேண்டுமென்றே, வரிசை வரிசையாகக் கட்டி, விலை போட்டு விற்பானா? "உனக்குக் காய்ச்சலா வேலு?" என்று கேட்டார். கேட்டபோது அது வெறும் பேச்சு. காய்ச்சல் என்ற சொல் எங்கே போய் நின்றது பார். எல்லாச் சொல்லும் எங்கேயோ போய் நிற்கிறது.

போய்ப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. தார் எஸ் சலாமிலிருந்து வெளியே, தென்னையும் முந்திரியும் தாண்டி, செம்மண் மேட்டில். விற்காத முழு வீடுகள் ஒரு வரிசை, வெள்ளையடித்து, சாமி மாடத்தோடு, காலியாக. அதற்கு அந்தப்புறம் வேலுவின் பாதி வீடுகள். எல்லாவற்றிலும் ஆட்கள். ஒரு அறைக்குள் குடும்பம், வெளியே அஸ்திவாரத்தின் மேல் பெண்கள் மீன் உலர்த்திக்கொண்டு, குழந்தைகள் கட்டப்படாத சமையலறைக்குள் கோடு போட்டு நொண்டி ஆடிக்கொண்டு, எல்லாக் கூரையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து. "என்னடா இது, எழவு வுழுந்த ஊராட்ட இருக்குது. இதுக்கா நான் காட்டை வித்தேன்?" வேலு சிரித்தான். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "வித்தது காடுதானுங்ணா, கண்ணை இல்லியே. நல்லாப் பாருங்க," என்றான். மற்றவர்கள் எதிரில் மட்டும்தான் அவன் அண்ணனை 'ங்க' போட்டுப் பேசுவான். சடையப்பன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான் வேலு. நிதானமாக நடந்தான், ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று, பேர் சொல்லி, நலம் கேட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் திரும்பக் கேட்டு, அதற்கு இவன் பதில் சொல்லி, ஒரு தெருவைக் கடக்க அரை நாள் ஆனது. பொறு. நிதானமாக நடந்தானா? அப்படித்தான் நடந்தான். அதை அப்போதே பார்த்தாரே. பார்த்துவிட்டுத் தொழில் போன சோர்வு என்று எடுத்துக்கொண்டார். பேச்சிலும் நடுநடுவே நிறுத்தினான். சாப்பாட்டை ஆறவிட்டுச் சாப்பிட்டான். இந்த நாற்காலியில் இப்போதுதான், கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போதுதான், அந்தத் தட்டு தெரிகிறது, அதிலிருந்து ஆவி அடங்கும்வரை கை வைக்காமல் உட்கார்ந்திருந்த தம்பி தெரிகிறான். அப்படியென்றால் மெதுவா என்று சொல்லக்கூடிய ஆளாக அவன் மாறியிருந்தானா? அண்ணனுக்குத் தெரிந்த வேலு முன்னாலேயே போய்விட்டானா, செத்தது வேறொருத்தனா, அவனுக்காக அழவே இல்லையா இத்தனை வருஷமும்?

காலையில் வண்டியில் வரும்போது சடையப்பன் மெள்ள ஆரம்பித்தான். "ஏனுங்ணா, நம்ம சைட்டுல இருந்து ஒருத்தன் போட்டோ அனுப்பிச்சிருந்தான். பாதி வீடுக அம்புட்டும் இப்ப முழுசாயிருச்சுங். மாடி எடுத்துட்டாங்க பாதிப் பேரு. வேலண்ணன் பேர்ல ஒரு தெருவே சொல்றாங்களாமுங்." நல்லசிவம் தூங்குவதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டார். வேலு போன பிறகு எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வரச்சொன்னவர் அவர். அவன் இருக்கும்போதே சொன்னார். கடைசியாகப் பேசியது அதுதான். "போதும், வித்துட்டு வா." "சரிண்ணா. இந்த மழை போகட்டும்." அவ்வளவு. சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று மிச்சம் இருந்திருக்கும். அப்புறம் ஒரு மாசம் அவனும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. ஏதோ ஒரு நாள், என்ன தோன்றியதோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இவராகக் கூப்பிட்டார். எடுத்தது சடையப்பன். ஒரே இரைச்சல், மழையா எஞ்சினா தெரியவில்லை. "அண்ணா... அண்ணங்..." என்று ரெண்டு குரல். இல்லை, ஒரு குரல்தான். அறுந்துவிட்டது. சிக்னல் இல்லை என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தார். சோறும் கீரையும். கீரை என்று ஏன் ஞாபகம் இருக்கிறது.

செருப்புச் சத்தம் வந்தது. "ஐயா, இன்னொரு சொட்டு." இமையை விரலால் இழுத்தாள். வெளிச்சம் பாய்ந்து வந்து வெள்ளையாக அடித்தது, அதன் நடுவில் கறுப்புக் கறை, பிறகு எரிச்சல். "மூடிக்குங்க." மூடிக்கொண்டார். அவள் பின்னாலேயே வேறு இரண்டு பேர் வந்து எதிர்வரிசையில் உட்காருவது கேட்டது. கனத்த மூச்சு, கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம், ஒரு இளம் பெண்ணின் குரல். தமிழில்லை. இங்கிலீஷுமில்லை. சொற்கள் எல்லாம் உயிரெழுத்தில் போய் முடிகிற, வழுவழுப்பான பாஷை. நல்லசிவத்தின் முதுகு நிமிர்ந்தது. சடையப்பனின் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்து நிற்கிறான். "ஷிகாமூ," என்றான், அவனுடைய குரலே இல்லை அது, பணிந்து, மிருதுவாக. கிழவர் ஏதோ சொன்னார், சந்தோஷமாக, வியப்பாக. பெண் சிரித்தாள். மூன்று பேரும் பேசினார்கள். சடையப்பன் உட்கார்ந்ததும் காதருகே சொன்னான்: "நம்ம தான்சானியாக்காரங்கணா. அப்பனும் மகளும். பெரியவருக்குக் கண்ணு ஆபரேசன். பெரியவங்களப் பாத்தா அப்பிடித்தானுங் மொதல்ல வணக்கம் வெக்கோணும், வெக்கலீன்னா கோச்சுக்குவாங்க." நல்லசிவம் ம் என்றார்.

நர்ஸ் பெண் கிழவருக்கு மருந்து விட்டாள். அவர் ஸ்ஸ் என்று மூச்சை இழுத்தார். உடனே மகள் சொன்னாள், ரொம்பத் தாழ்வாக:

"போலே, பாபா."

மெதுவா, அப்பா. எதை மெதுவா? கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரிடம் எதை மெதுவாகச் செய்யச் சொல்கிறாள்? நர்ஸிடம் சொல்லவில்லை, அப்பா என்றுதானே சொன்னாள். காத்திருந்தார். சடையப்பன் ஏதாவது சொல்வானா என்று. அவன் மூச்சுகூடக் கேட்கவில்லை.

"சடையப்பா, அந்தப் புள்ள இப்ப என்னமோ சொல்லுச்சே."

"எதுங்ணா?"

"போலேன்னு."

இடப்பக்கத்துக் கிழவி காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் வந்தேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சடையப்பன் சொன்னான். "அதுங்களா... அது வந்துங்ணா... நமக்கு அதுக்குச் சரியா ஒரு சொல்லு இல்லீங். வருத்தமா இருக்குதுன்னு வெச்சுக்கங்க."

"மன்னிப்புக் கேக்கறதா?"

"இல்லீங்ணா, மன்னிப்புக்கு வேற சொல்லு இருக்குதுங். சமஹானிம்பாங்க. இது அப்பிடியில்லீங். இப்ப நீங்க தடுக்கி வுழுந்தீங்கன்னு வெச்சுக்கங்க. நான் தள்ளி விடலீன்னாலும், அக்கட்டப் போறவன்கூடச் சொல்லுவான், போலேன்னு. தூரத்துல இருந்து வந்தா, அலைச்சலாப் போச்சேன்னு சொல்லுவாங்க. எழவு வீட்டுலயும் அதேதானுங். உங்க கஷ்டம் எனக்குத் தெரியுதுங்கற மாதிரிங்."

"அப்ப மெதுவாங்கறது?"

"அதும் அதேதானுங். ரெட்டையாச் சொல்லோணும். போலே போலேன்னா மெதுவா, நிதானம்னு. ஒத்தையாச் சொன்னா..." நிறுத்திக்கொண்டான். "நம்மூர்ல வெளிநாட்டுக்காரங்க ரொம்ப வர ஆரம்பிச்சுட்டாங்கணா," என்றான், சம்பந்தமில்லாமல்.

ஒத்தையாக, ரெட்டையாக. நல்லசிவம் கைகளை மடியில் கோத்துக்கொண்டார், எங்கேயாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷமும் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் திருப்பிப் பார்த்திருக்கிறார். தமிழாகவே இருக்குமோ என்றுகூட. அது போல, இது போல என்று என்னவோ சொல்லவந்து நின்றுபோனதோ, எதைப் போல, யாரைப் போல. ஆனால் தங்கள் பக்கத்தில் யாரும் போல என்று பேச்சில் சொல்வதில்லை, எல்லாம் 'ஆட்ட'தான், எழவு வுழுந்த ஊராட்ட, சாகிறபோதா புத்தகத் தமிழ் வரும் என்று தள்ளிவிட்டார். இப்படி ஒன்று இருக்கும் என்று எண்ணவில்லை. முன்னறையில் சடையப்பன் சொன்னதை அப்படியே காதில் ஓடவிட்டார். போலேன்னாருங்ணா, போலேன்னாரு. அழுகையோடு சொன்னான். அழுகிறவன் எதையும் ரெண்டு தடவைதான் சொல்வான். போயிட்டாருங்ணா, போயிட்டாரு என்றும்தான் சொன்னான், அதற்காக வேலு ரெண்டு தடவையா போனான்? அவன் வாயில் ரெட்டையாக வந்தது வேலுவின் ரெட்டையா, இவன் அழுகையின் ரெட்டையா? ரெட்டை என்றால் சரி, வண்டி பள்ளத்தில் விழுகிறது, உடம்பு வலிக்கிறது, டிரைவரே மெதுவா. நம்பலாம். மாறிப்போன வேலு, ஆறவிட்டுச் சாப்பிட்ட வேலு, சொல்லக்கூடியதுதான். அதை நம்பிவிட்டால் இந்த உமியை எடுத்துப் போட்டுவிடலாம். ஒத்தை என்றால். ஒத்தை என்றால் யாருக்குச் சொன்னான்? டிரைவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சடையப்பனுக்கா? தலையை மடியில் தாங்கி நனைந்துகொண்டு வந்தவனுக்கு, உன் அலைச்சல் எனக்குத் தெரிகிறது என்று? இருக்கலாம். அல்லது.

"அன்னிக்கு நான் போன் பண்ணேன்ல," என்றார். கேட்க நினைத்தது அதுவல்ல. "அப்ப நீங்க வண்டியில போய்ட்டிருந்தீங்களா?"

"ஆமாங்ணா. நாந்தான எடுத்தேன். எரைச்சல்ல உங்களுக்குக் கேக்கலீங்களாட்ட இருக்குது." என்றான் சடையப்பன். "அண்ணன் கூப்பிடறாருங்னு அவரு காதுல சொன்னனுங். கண்ணைத் தொறந்து போனைப் பாத்தாரு. காதுல வெக்கறதுக்குள்ள கட்டாயிருச்சுங். அப்பறம் ரெண்டு பள்ளம் வந்துது. அதுக்கப்பறந்தான் சொன்னாரு."

அதுக்கப்பறம். போனுக்கப்புறமா, பள்ளத்துக்கப்புறமா. வண்டியில் மடி இருந்தது உண்மைதான். வேலு தனியாகக் கிடந்து சாகவில்லை. இத்தனை நாள் பயந்தது அதற்குத்தான் என்று நினைத்திருந்தார், அந்தப் பயம் போனால் லேசாகிவிடும் என்று. லேசாகவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று அதன் பின்னால் உட்கார்ந்திருந்தது. காட்டை விற்றவர், மண்டியில் தூசியில் நிற்கிறவர், எழவு விழுந்த ஊர் என்றவர், அவரைப் பார்த்து, அவர் கூப்பிட்ட போனைப் பார்த்து, தள்ளிவிட்டது நானில்லை ஆனாலும் உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது அண்ணா என்று, சாகக் கிடக்கிறவன், குற்றம் சொல்லாமல், மன்னிப்பும் கேட்காமல், தமிழில் அதற்குச் சொல் இல்லாததால் அந்த ஊர்ச் சொல்லை எடுத்து. அதைச் சடையப்பன் அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால்? புரிந்துகொண்டுதான், முன்னறையில் இந்த மூஞ்சியைப் பார்த்து, இவர் தாங்கமாட்டார் என்று, பக்கத்தில் கிடந்த இன்னோர் அர்த்தத்தை எடுத்து நீட்டினானா? பள்ளத்தையும் கூரையைத் தட்டியதையும் அதற்காகவே சேர்த்தானா? கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காவிட்டால் ரெண்டும் இருக்கும், கொஞ்சம் நம்பி, கொஞ்சம் நம்பாமல், இதுவரைக்கும் இருந்ததுபோல. ரெட்டை என்று அவன் சொல்லிவிட்டால் அந்த இன்னொன்று கிடைக்காமலே போய்விடும், அது தனக்கு வந்த ஒன்று என்று இந்தச் சில நிமிஷம் இருந்ததே, அதுவும் போய்விடும். ஒத்தை என்று சொல்லிவிட்டால், அவ்வளவு பெரியதை எங்கே கொண்டுபோய் வைப்பது, எந்த மாடத்தில். எதிரே கிழவர் ஏதோ முனகினார். மகள் அவர் கையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது, அதே சொல்லை அவள் மறுபடி சொல்வாள் என்று நல்லசிவத்தின் உடம்பு முழுதும் காதாகிக் காத்திருந்தது. அவள் சொல்லவில்லை.

"ஐயா, நல்லசிவம் ஐயா, டாக்டர் கூப்பிடறாங்க. இப்பக் கண்ணத் தொறக்கலாம், கூசும், பாத்து வாங்க." சடையப்பன் எழுந்து அவருடைய முழங்கையைத் தாங்கினான். பெயிண்டு வாசனை அடித்தது. நல்லசிவம் எழுந்திருக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. திறந்தால் இவன் முகம் தெரியும். மூக்கும் வாயும் தெரியாது, ஆனாலும் தெரியும். அந்த முகத்தை வைத்துப் பதிலைக் கண்டுபிடித்துவிடுவோம், அப்படி வேண்டாம், சொல்லட்டும், வாயால் சொல்லட்டும். முழங்கையைத் தாங்கிய கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"என்னங்ணா, கூசுதுங்களா?"

"பொய் சொல்லாதே சடையப்பா. எனக்கு ஆறுதலா இருக்கோணும்னு எதையும் சொல்லாதே. அன்னிக்கு வண்டியில, நான் கூப்பிட்டேன்னு நீ சொன்னதுக்கப்பறம், வேலு அதை ஒருக்காச் சொன்னானா, ரெண்டுக்காச் சொன்னானா?"